பழைய காருக்குச் செலவு செய்யும்போது எது முதலில்?

பெரோடுவா கஞ்சில் 1994-ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. 2009-ஆம் ஆண்டு அதன் தயாரிப்பு நின்றது. ஆகக் கடைசியாக வெளிவந்த கஞ்சிலுக்குக்கூட இப்போது 15 வயது கடந்துவிட்டது. 1985 ஜூலையில் அறிமுகமான புரோட்டோன் சாகா, 1992-இல் வந்த இஸ்வாரா, 1993-இல் வந்த வீரா எல்லாம் அதற்கு அண்ணன்மார். ஆனாலும் தோட்டத்து லயத்து வீடுகளின் முன்னாலும், டவுன் அடுக்குமாடிகளின் கீழும் இந்தக் கார்கள் இன்னும் நிற்கின்றன. காலையில் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளியில் விடுகின்றன. மாலையில் கடைச் சாமான் ஏற்றி வருகின்றன.

"இன்னுமா இந்த ஓட்டைக் காரை வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்பது சுலபம். பஸ் வராத செம்பனைத் தோட்டத்தில் இருப்பவருக்கு அந்தக் கார்தான் கிளினிக்கிற்கும் பள்ளிக்கும் கோயிலுக்கும் வழி. வாரம் மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்புக்கு அப்பாவை அழைத்துப் போகும் குடும்பத்தில், கார் ஸ்டார்ட் ஆகாத ஒரு காலை என்பது சிகிச்சை தவறிய ஒரு நாள்.

பழைய கார் வைத்திருப்பவர்களின் உண்மையான சிக்கல் இதுதான்: காரில் பழுதுகள் பத்து இருக்கும், கையில் பணம் இரண்டுக்குத்தான் இருக்கும். அந்த இரண்டு எவை என்று தேர்ந்தெடுப்பதில்தான் நாம் அடிக்கடி தடுமாறுகிறோம். ஏர்கோன் குளிரவில்லை என்றால் உடனே பட்டறைக்கு ஓடுகிறோம். டயர் வழுக்கையானால் "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்கிறோம்.

மூன்று வரிசை

காரில் வரும் பழுதுகளை மூன்று வரிசையாகப் பிரித்துக்கொள்ளலாம். முதல் வரிசை, உயிரை எடுக்கக்கூடியவை: பிரேக், டயர், ஸ்டீரிங், சக்கரத்தைத் தாங்கும் பாகங்கள், விளக்குகள். இரண்டாம் வரிசை, நடுவழியில் நிற்க வைப்பவை: இன்ஜின் சூடு, டைமிங் பெல்ட், பேட்டரி. மூன்றாம் வரிசை, வசதியும் அழகும்: ஏர்கோன், பெயிண்ட், ரேடியோ, ஸ்போர்ட் ரிம்.

முதல் வரிசை முடியாமல் இரண்டாவதைத் தொடக்கூடாது. இரண்டாவது முடியாமல் மூன்றாவதைத் தொடக்கூடாது. கேட்க எளிமையாகத் தெரியும் இந்த ஒழுங்கைக் கடைப்பிடிப்பது கடினம். காரணம், மூன்றாம் வரிசைப் பழுதுதான் தினமும் நம்மை உறுத்தும். முதல் வரிசைப் பழுதோ பெரும்பாலும் சத்தமில்லாமல் வளரும்.

நமக்குப் பதிலாக வேறு யாரும் இதைப் பார்ப்பதும் இல்லை. சிங்கப்பூரில் 10 ஆண்டைத் தாண்டிய கார் ஆண்டுதோறும் கட்டாயச் சோதனைக்குப் போக வேண்டும். மலேசியாவில் 2009-ஆம் ஆண்டு, 15 வயதைத் தாண்டிய கார்களுக்கு ஆண்டுச் சோதனை கொண்டுவரும் திட்டம் அறிவிக்கப்பட்டது. மக்களின் எதிர்ப்பால் சில நாட்களிலேயே அது கைவிடப்பட்டது. வசதி குறைந்தவர்களுக்கு அது நிம்மதியான செய்திதான். அதே வேளையில், அந்தச் சோதனை அதிகாரியின் வேலை கார் வைத்திருப்பவரின் தலையில் விழுந்தது என்பதையும் மறந்துவிடக்கூடாது.

முதல் வரிசை: பிரேக்கும் டயரும்

பிரேக் பேட் தேய்ந்தால் கிறீச்சென்று சத்தம் வரும். அதனால் எப்படியும் கவனிப்போம். கவனிக்காமல் விடுவது பிரேக் எண்ணெயை. அது காற்றில் உள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சிக்கொள்ளும் தன்மை உடையது. டிஓடி 3 வகைப் பிரேக் எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்த பிறகு அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கிவிடலாம். சமதளச் சாலையில் இது தெரியாது. கேமரன் மலையிலிருந்து ரிங்லெட் வழியாகத் தாப்பாவுக்கு இறங்கும்போது தொடர்ந்து பிரேக்கை மிதித்தால் சூடு ஏறி எண்ணெய் கொதிக்கும். குழாயில் ஆவிக் குமிழி உண்டாகும். பெடல் தரை வரை போகும், கார் நிற்காது. ஈராண்டுக்கு ஒருமுறை பிரேக் எண்ணெயை முழுவதும் மாற்றினால் இந்த ஆபத்து பெரிதும் குறையும். மலையில் இறங்கும்போது சிறிய கியரில் இன்ஜினைக் கொண்டே வேகத்தைக் கட்டுப்படுத்துவதும் அவசியம்.

டயரில் மூன்று விஷயங்களைப் பாருங்கள். முதலாவது, கோடுகளின் ஆழம். அது 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக்கூடாது. டயரின் பள்ளங்களுக்குள் ஆங்காங்கே ஒரு சிறு மேடு இருக்கும். டயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் அதன் காலம் முடிந்தது. இரண்டாவது, வயது. டயரின் பக்கவாட்டில் டிஓடி என்ற எழுத்துகளோடு வரும் எண்களில் கடைசி நான்கைப் படியுங்கள். 2319 என்றிருந்தால், 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்யப்பட்டது என்று பொருள். செக்கன் ஹேண்ட் டயர் வாங்குவோர் கோட்டை மட்டும் பார்த்துவிட்டு இந்த எண்ணைப் பார்க்காமல் வருகிறார்கள். கோடு நன்றாக இருந்தாலும் ரப்பர் காய்ந்து போயிருக்கலாம். மூன்றாவது, பக்கவாட்டில் வெடிப்போ வீக்கமோ உள்ளதா என்பது. வீக்கம் இருந்தால் அந்த டயரை அன்றே மாற்ற வேண்டும். இரண்டு நல்ல டயர்கள் வாங்கத்தான் பணம் இருக்கிறது என்றால் அவற்றைப் பின்னால் போடச் சொல்லுங்கள். மழையில் பின்சக்கரம் வழுக்கினால் காரைத் திருப்பிப் பிடிப்பது மிகக் கடினம்.

தோட்டத்துச் செம்மண் சாலையில் தினமும் போய் வரும் கார்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. குழியிலும் மேட்டிலும் இறங்கி ஏறி, அப்சோர்பரும் போல் ஜாயின்ட்டும் தை ராட்டும் சீக்கிரம் ஆடிப்போகும். ஹம்ப் தாண்டும்போது முன்பக்கத்தில் "டொக்" என்ற சத்தம், ஸ்டீரிங்கில் தளர்வு, ஒரு பக்கமாக மட்டும் தேயும் டயர் ஆகியவை அதன் அறிகுறிகள். போல் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் மடங்கிவிடும். மாதம் ஒரு செலவுதான் முடியும் என்றால், அந்த "டொக்" சத்தத்திற்கு அதில் முதல் இடம் கொடுங்கள்.

செக்கன் ஹேண்டாக ஹோண்டா சிட்டி, டொயோட்டா வியோஸ் போன்ற கார்களை வாங்கியவர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. 2000-ஆம் ஆண்டுகளில் வெளிவந்த பல நிறுவனங்களின் கார்களில் தகாதா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் ஏர்பேக்குகள் பொருத்தப்பட்டிருந்தன. வெப்பமும் ஈரப்பதமும் உள்ள நாடுகளில் நாளாக நாளாக அவற்றின் உள்ளே இருக்கும் இரசாயனம் கெட்டுப்போகிறது. சிறிய மோதலில்கூட ஏர்பேக்கின் உலோகக் கூடு சிதறி ஓட்டுநரைத் தாக்கலாம். 2016-இல் நம் நாட்டிலும் இத்தகைய ஏர்பேக் சிதறிய விபத்துகளில் உயிர்கள் போயிருக்கின்றன. இந்தப் பாகத்தை நிறுவனங்கள் இலவசமாக மாற்றித் தருகின்றன. நீங்கள் எத்தனையாவது கை என்பது பொருட்டல்ல. காரின் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து அந்த நிறுவனத்தின் சேவை மையத்திலோ இணையப் பக்கத்திலோ சரிபார்க்கலாம். ஒரு காசு செலவில்லாத முதல் வரிசை வேலை இது.

இரண்டாம் வரிசை: சூடு

பழைய கார்கள் நம் நாட்டில் அதிகம் பலியாவது சூட்டுக்குத்தான். ரேடியேட்டர் மூடி வெறும் மூடி அன்று. அதன் மேல் 0.9, 1.1 என்று ஓர் எண் இருக்கும். அது தாங்கும் அழுத்தத்தைக் குறிக்கும். அந்த அழுத்தம் இருப்பதால்தான் உள்ளே இருக்கும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 110 டிகிரிக்கும் மேலே தாக்குப் பிடிக்கிறது. மூடியின் ரப்பர் நைந்தால் அழுத்தம் போய்விடும். தண்ணீர் சீக்கிரம் கொதித்து வெளியேறும். சில பத்து ரிங்கிட் விலையுள்ள மூடியை மாற்றாமல் விட்டு, இன்ஜின் தலைப்பகுதி வளைந்து, கேஸ்கெட் எரிந்து, டாப் ஓவர்ஹால் வரை போனால் செலவு ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டிவிடும்.

ரேடியேட்டரில் பைப் தண்ணீரை மட்டும் ஊற்றும் பழக்கமும் இன்னும் போகவில்லை. பைப் தண்ணீர் உள்ளே துருவையும் படிவையும் உண்டாக்கும். கூலண்ட் அதைத் தடுக்கும். கொதிநிலையையும் சற்று உயர்த்தும். அவசரத்திற்குப் பைப் தண்ணீர் ஊற்றினால் தவறில்லை. பிறகு அதை வெளியேற்றிவிட்டு முறையாகக் கூலண்ட் ஊற்ற வேண்டும்.

சூடு ஏறும் காருக்குச் சில பட்டறைகளில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். இன்ஜின் ஏறக்குறைய 80 டிகிரிக்கு வரும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் மூடி வைத்திருக்கும் சிறு கதவு அது. அதைக் கழற்றினால் முள் இறங்கும். நாமும் நிம்மதி அடைவோம். ஆனால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமலே ஓடி, பெட்ரோலை அதிகம் குடிக்கும், சீக்கிரம் தேயும். அடைபட்ட ரேடியேட்டரோ தேய்ந்த வாட்டர் பம்போ உள்ளே அப்படியேதான் இருக்கும். தெர்மோஸ்டாட் கெட்டிருந்தால் புதியதைப் போடச் சொல்லுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போது வெப்ப முள் ஏறினால் முதலில் ஏர்கோனை நிறுத்துங்கள். பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். குறைந்தது அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பாயும். சூடான இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் உலோகம் வெடிக்கலாம். "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்று ஓட்டும் அந்தக் கொஞ்ச தூரத்தில்தான் பெரும்பாலான இன்ஜின்கள் போகின்றன.

பெல்ட்டும் பேட்டரியும்

வீராவிலும் கேம்ப்ரோ இன்ஜின் உள்ள புரோட்டோன் கார்களிலும் டைமிங் பெல்ட் உண்டு. பழைய 1.3 லிட்டர் மைவியில் அதற்குப் பதிலாகச் சங்கிலி இருக்கிறது. பெல்ட் ரப்பரால் ஆனது. அறுவதற்கு முன் அது எந்த எச்சரிக்கையும் தராது. கேம்ப்ரோ போன்ற இன்ஜின்களில் பெல்ட் அறுந்தால் வால்வுகளும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். சில நூறு ரிங்கிட்டில் முடிய வேண்டிய வேலை இன்ஜினையே விழுங்கும். செக்கன் ஹேண்டாக வாங்கிய காரில் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்பதற்குச் சான்று இல்லையென்றால், மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றும்போது டென்ஷனரையும், பெல்ட்டோடு சுற்றும் வாட்டர் பம்பையும் சேர்த்துப் பார்த்துவிட்டால் கூலி ஒருமுறையோடு முடியும்.

நம் வெயிலில் ஒரு பேட்டரி இரண்டு ஆண்டு ஓடினாலே பரவாயில்லை என்று சொல்லலாம். ஆனால் கார் ஸ்டார்ட் ஆகாததற்கெல்லாம் பேட்டரியே காரணமாகிவிடாது. சாவியைத் திருப்பும்போது "டக் டக் டக்" என்று வேகமாகக் கேட்டு விளக்கு மங்கினால் பேட்டரி பலவீனம். விளக்கு பிரகாசமாக இருந்து ஒரே ஒரு "டக்" மட்டும் கேட்டால் ஸ்டார்ட்டரைச் சந்தேகிக்கலாம். புதுப் பேட்டரி போட்டும் சில நாட்களில் இறங்கிவிட்டால் ஆல்டர்னேட்டரைப் பார்க்க வேண்டும். மலிவான ஒரு மீட்டர் இருந்தால் வீட்டிலேயே சோதிக்கலாம். இரவு முழுவதும் நின்ற காரில் 12.6 வோல்ட்டுக்கு அருகில் காட்டினால் பேட்டரி நலம். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் நலம். இது தெரியாமல் ஆல்டர்னேட்டர் கெட்ட காருக்கு இரண்டு பேட்டரி வாங்கியவர்கள் நம்மிடையே உண்டு.

காலையில் ஐந்து நிமிடம்

வாரம் ஒருமுறை, இன்ஜின் ஆறியிருக்கும் காலை நேரத்தில் பானெட்டைத் திறங்கள். எண்ணெய்க் கம்பியை இழுத்துத் துடைத்து மீண்டும் விட்டுப் பாருங்கள். கருப்பு எண்ணெய் இரு குறிகளுக்கு நடுவில் இருக்க வேண்டும். பழைய இன்ஜின் எண்ணெய் குடிக்கும். மாற்றும் நாள் வரவில்லை என்பதற்காக அளவைப் பார்க்காமல் இருந்தால், அடுத்த சர்வீசுக்கு முன்பே எண்ணெய் வற்றிவிடலாம். எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் தே தாரேக் நிறத்தில் நுரைபோல் திரண்டிருந்தால் தண்ணீர் கலந்திருக்கக்கூடும். உடனே பட்டறைக்குக் கொண்டு போங்கள்.

இரவில் காரின் அடியில் ஓர் அட்டையை விரித்து வையுங்கள். காலையில் அதிலிருக்கும் கறை பாதி நோயைச் சொல்லிவிடும். கருப்பு அல்லது பழுப்பு என்றால் இன்ஜின் எண்ணெய். பிசுபிசுப்பான சிவப்பு என்றால் பவர் ஸ்டீரிங் அல்லது ஆட்டோ கியர் எண்ணெய். பச்சையோ இளஞ்சிவப்போ தண்ணீர்போல் இருந்தால் கூலண்ட். சக்கரத்தின் பக்கம் எண்ணெய்ப்பசை தெரிந்தால் அது பிரேக் எண்ணெயாக இருக்கலாம், காரை எடுக்காதீர்கள். ஏர்கோன் போட்டு ஓட்டிய பின் முன்பக்கம் சொட்டும் சுத்தமான தண்ணீருக்குப் பயப்பட வேண்டாம்.

புகையும் பேசும். நீலம் என்றால் எண்ணெய் எரிகிறது. கருப்பு என்றால் பெட்ரோல் தேவைக்கு மேல் போகிறது. இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கூலண்ட் உள்ளே கசிகிறது.

போர்மேனிடம் பேசும் முறை

"கார் சரியில்லை, பாருங்க" என்று சொல்லிவிட்டு வந்தால் ஊகத்திற்குத்தான் பணம் கட்டுவோம். எப்போது சத்தம் வருகிறது, இன்ஜின் ஆறியிருக்கும்போதா சூடான பிறகா, பிரேக் அழுத்தும்போதா திரும்பும்போதா என்று சொல்லுங்கள். முடிந்தால் சத்தத்தைக் கைப்பேசியில் பதிவு செய்து காட்டுங்கள். ஒரே நேரத்தில் மூன்று சாமான்களை மாற்றச் சொன்னால், எது முதலில், ஏன் என்று கேளுங்கள். நல்ல போர்மேன் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

சாமான் ஓரியா, வேறு தயாரிப்பா, போத்தோங் கடையில் எடுத்ததா என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். கதவு, கண்ணாடி, விளக்குக் கூடு போன்றவற்றைப் போத்தோங் கடையில் வாங்குவது புத்திசாலித்தனம். பிரேக், டைமிங் பெல்ட், போல் ஜாயின்ட் ஆகியவற்றில் பழைய சாமானுக்கு இடம் கொடுக்காதீர்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இன்ஜினையே மாற்றினால் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயில் பதிய வேண்டும்; இல்லாவிட்டால் பிறகு பெயர் மாற்றும்போது சிக்கல் வரும்.

காரில் ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தை வையுங்கள். தேதி, ஓடிய கிலோமீட்டர், மாற்றிய சாமான், விலை. நான்கே வரிகள். பட்டறை மாறினாலும், காரை மகனிடம் கொடுத்தாலும், அந்த நோட்டு காரின் வரலாற்றைச் சொல்லும்.

காகிதமும் காரின் ஒரு பாகம்

தீபகற்பத்தில் 1,000 சிசி வரையுள்ள சொந்தக் காருக்கு ஆண்டுச் சாலை வரி 20 ரிங்கிட். 1.3 லிட்டர் சாகாவுக்கு 70, 1.5 லிட்டர் வீராவுக்கு 90. சாலை வரியைப் புதுப்பிக்கக் காப்புறுதி வேண்டும். பழைய காருக்குப் பலர் மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டுமே எடுக்கிறார்கள். அது நாம் மோதிய மற்றவருக்கு ஈடுகட்டும். நம் காரின் சேதத்திற்குக் கிடைக்காது. நம் காரில் ஏறியவர்கள் காயமுற்றால் வரும் சட்டப் பொறுப்பு தனியாகச் சேர்க்க வேண்டிய பிரிவு. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் இதை ஏஜெண்டிடம் கட்டாயம் கேட்க வேண்டும். ஐந்து ஆண்டுகள் இழப்பீடு கோராமல் இருந்தால் என்சிடி கழிவு 55 விழுக்காடு வரை உயரும்.

கிராண்ட் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். காலமான அப்பாவின் பெயரிலேயே ஆண்டுக்கணக்கில் ஓடும் கார்கள் உண்டு. விபத்து நடந்த பிறகு அதைச் சரிசெய்ய முனைவதைவிட இப்போதே விசாரித்து மாற்றிக்கொள்வது நல்லது.

எப்போது விடை கொடுப்பது?

ஒரு கணக்குப் போடுங்கள். மாதம் 500 ரிங்கிட் தவணையில் புதுக் கார் எடுத்தால் ஆண்டுக்கு 6,000. வங்கிகள் தரும் அதிகபட்சத் தவணைக் காலமான 9 ஆண்டுகளுக்கு 54,000. பழைய காருக்கு மாதம் 100 ரிங்கிட் தனியாக எடுத்து வைத்தால் ஆண்டுக்கு 1,200. சேமித்த அந்தப் பணத்தில் பழுதுகள் அடங்கும்வரை பழைய கார்தான் இலாபம். பழுது வந்த பிறகு கடன் வாங்குவதற்கும், வருவதற்கு முன்பே உண்டியலில் சேர்ப்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

ஆனால் பணக்கணக்கு மட்டும் போதாது. காரின் அடித்தளத்தில் துரு ஏறி, சக்கரத்தைத் தாங்கும் இடமோ சீட் பெல்ட் பூட்டிய இடமோ உதிரத் தொடங்கினால், இன்ஜின் எவ்வளவு நன்றாக ஓடினாலும் அந்தக் காரை விட்டுவிட வேண்டும். பிரேக் சாமான் கிடைக்காத நிலை வந்தாலும் அதே முடிவுதான். அப்பாவின் நினைவாக இருக்கும் கார் என்று மனம் தடுக்கலாம். பேரப்பிள்ளைகளை அதில் ஏற்றலாமா என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தால் பதில் கிடைத்துவிடும்.

அந்த நிலைக்கு வராத கார்கள்தான் நம்மிடம் நிறைய. தீபாவளிக்கோ தைப்பூசத்திற்கோ குடும்பத்தோடு நீண்ட பயணம் புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே அவற்றைப் பட்டறையில் காட்டிவிடுங்கள். கடைசி நாளில் சாமானும் கிடைக்காது, போர்மேனும் கிடைக்க மாட்டார். ஒரே ஒரு வேலைக்குத்தான் இந்த மாதம் பணம் இருக்கிறது என்றால், ஏர்கோன் அடுத்த மாதத்திற்குப் போகட்டும். கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டலாம். பிரேக் எண்ணெயை முதலில் மாற்றுங்கள்.